உடற்கல்வி ஆசிரியராக விரும்பும் மூதூர் மாணவிக்கு ஒரு பதில்

மூதூரைச் சேர்ந்த மாணவி ஒருவரின் கேள்விக்கான பதில் இது. க.பொ.த. உயர்தரப் பரீட்சையைக் கலைப் பிரிவில் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் அவர், வலைப்பந்தாட்டத்தில் மாகாண மட்டம் வரை ஆடியவர். உடற்கல்வி ஆசிரியராவதற்கு எந்த வழியால் போக வேண்டும் என்பது அவருடைய முதற் கேள்வி. உயர்தர வகுப்பில் படிப்பையும் பயிற்சியையும் சேர்த்துச் சமாளிக்க முடியாமல் திண்டாடிய தன்னால், எப்போதும் நேரத்தோடு மல்லுக்கட்ட வேண்டிய இந்த வேலையைச் செய்ய முடியுமா என்பது இரண்டாவது கேள்வி. பின்னேரம் பொழுதுபடும் வரை மைதானத்தில் நிற்கும் வேலை பெண்பிள்ளைக்குச் சரிவருமா என்று வீட்டில் தயங்குகிறார்கள் என்பதையும் குறிப்பிட்டிருக்கிறார்.

வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைச் சுருக்கமாகச் சொல்ல முடியும். நேரத்தைப் பற்றித்தான் சொல்வதற்கு அதிகம் இருக்கிறது.

நீங்கள் கற்பிக்கப்போகும் பாடத்தின் பெயர் சுகாதாரமும் உடற்கல்வியும். தரம் 6 முதல் 9 வரை எல்லாப் பிள்ளைகளும் இதைப் படிக்கிறார்கள். தரம் 10, 11 இல் விரும்பித் தெரிவுசெய்தவர்கள் சாதாரண தரப் பரீட்சைக்கு எழுதுகிறார்கள். பெயரில் முன்னுக்கு நிற்கும் சுகாதாரத்தை, விளையாட்டு வீராங்கனையாக இருந்து இந்தப் பணிக்கு வர நினைப்பவர்கள் அநேகமாகக் கவனிப்பதில்லை. போசாக்கு, கட்டிளமைப் பருவம், தொற்றும் நோயும் தொற்றா நோயும், முதலுதவி என்று வகுப்பறையில் கரும்பலகைக்கு முன்னால் நின்று கற்பிக்க வேண்டியவை பாடத்திட்டத்தில் நிறைய உண்டு. மைதானத்தில் மட்டும் நிற்பதுதான் உங்கள் விருப்பம் என்றால், நீங்கள் தேடுவது ஆசிரியர் தொழில் அல்ல, பயிற்றுநர் தொழில். இரண்டும் மதிப்புக்குரியவை, ஆனால் வேறு வேறு. பயிற்றுநர் இருநூறு பிள்ளைகளில் பன்னிரண்டு பேரைத் தெரிவுசெய்து அவர்களை உயர்த்துகிறார். ஆசிரியருக்கு அந்த இருநூறு பேரும் வேண்டும். ஓடத் தெரியாத பிள்ளையும், மூச்சிரைப்பு நோய் உள்ள பிள்ளையும், சப்பாத்து இல்லாத பிள்ளையும் அவருடைய நேரசூசிக்குள் இருக்கிறார்கள்.

உங்களுடைய நிலையில் உள்ள ஒருவருக்கு முதல் வழி தேசிய கல்வியியற் கல்லூரி. மூன்று ஆண்டுப் பாடநெறி. அதில் முதல் இரண்டு ஆண்டுகள் கல்லூரி விடுதியில் தங்கிப் படிப்பது, மூன்றாவது ஆண்டு ஒரு பாடசாலையில் கட்டுறு பயிற்சி. முடிவில் கற்பித்தலில் தேசிய டிப்ளோமா கிடைக்கும். அதைக் கொண்டு இலங்கை ஆசிரியர் சேவைக்குள் நியமனம் பெறுவார்கள். திருகோணமலை மாவட்டத்தில் கல்வியியற் கல்லூரி இல்லை. கிழக்கில் மட்டக்களப்பிலும் அட்டாளைச்சேனையிலும், வடக்கில் வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் உள்ளன. எந்த ஆண்டில் எந்தக் கல்லூரி உடற்கல்வி நெறிக்குத் தமிழ் மொழி மூலம் ஆட்களை எடுக்கிறது என்பது அந்த ஆண்டின் வர்த்தமானி அறிவித்தலில் இருக்கும். அந்த அறிவித்தலை நீங்களே முழுதாக வாசியுங்கள். தெரிந்தவர் சொன்னார், முகநூலில் பார்த்தேன் என்று விண்ணப்பிக்காதீர்கள். உயர்தரப் பெறுபேறும் இசட் புள்ளியும் பார்க்கப்படும், வயதெல்லை உண்டு, உடற்கல்விக்கு விளையாட்டுச் சான்றிதழ்களும் செய்முறைத் திறனும் கணக்கில் வரும். மாகாண மட்டச் சான்றிதழ் அந்த இடத்தில் உங்களுக்குக் கைகொடுக்கும்.

இரண்டாவது வழி பல்கலைக்கழகம். பெலிஹுல்ஓயாவில் உள்ள சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் உடற்கல்விக்கும், விளையாட்டு விஞ்ஞானமும் முகாமைத்துவமும் என்ற துறைக்கும் பட்டநெறிகள் இருக்கின்றன. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலில் இவற்றுக்கான தகைமைகளும் செய்முறைத் தேர்வு விவரங்களும் வரும். கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் உடற்கல்விப் பட்டம் இல்லை என்பதால், வீட்டிலிருந்து போய்வந்து படிக்கலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். பட்டம் பெற்று வருபவர் சேவையில் உயர்ந்த தரத்தில் தொடங்குவார் என்பது உண்மை. ஆனால் பட்டதாரி நியமனம் எப்போது அறிவிக்கப்படும் என்று பார்த்துப் பார்த்துக் காலம் போன பலரை இந்த மாவட்டத்தில் கண்டிருக்கிறேன். பெறுபேறு இரண்டுக்கும் இடம்கொடுத்தால் கல்வியியற் கல்லூரிக்குப் போய், ஆசிரியராக இருந்துகொண்டே பட்டத்தைப் பின்னர் முடிப்பதுதான் என்னுடைய பரிந்துரை. மாற்றுக் கருத்து உள்ளவர்களும் இருப்பார்கள். கொழும்பில் உள்ள தேசிய விளையாட்டு விஞ்ஞான நிறுவகத்தின் கற்கைகள் பயிற்றுநர் தகைமைக்கு நல்லவை. அவற்றைப் பின்னர் சேர்த்துக்கொள்ளலாம்.

இனி நேரத்தைப் பற்றிய கேள்வி. கணித ஆசிரியர் ஒருவரின் நேரத்தைப் பெரும்பாலும் மணிதான் ஆளுகிறது. உடற்கல்வி ஆசிரியரின் நேரத்தை மழை, வெயில், கடைசி பஸ், வலயக் கல்விப் பணிமனையின் போட்டி அட்டவணை, மைதானத்தை வேறு பாடசாலைக்குக் கொடுத்துவிட்ட நகரசபை, இன்றைக்கு வராத ஆசிரியரின் வகுப்பைப் பார்க்கச் சொல்லும் பிரதி அதிபர் என்று எல்லோரும் சேர்ந்து ஆளுகிறார்கள். ஆகவே இந்தத் தொழிலில் நேர முகாமைத்துவம் என்பது நாட்குறிப்பை நிரப்புவது அல்ல. தன் கையில் இல்லாத நேரம் வந்து சேர்வதற்கு முன்னர், தன் கையில் உள்ள நேரத்தில் செய்யக்கூடியதைச் செய்து வைத்திருப்பதுதான் அது. கீழே சொல்லும் எல்லாம் இந்த ஒன்றின் விரிவு.

ஆண்டில் இருந்து தொடங்குவோம். இல்ல மெய்வல்லுநர் போட்டி வழக்கமாக முதலாம் தவணையில், ஜனவரி முதல் மார்ச்சுக்குள் நடக்கும். அதற்குப் பின் வலயம், மாகாணம், தேசியம் என்று ஏறும். பாடசாலை திறந்து சில வாரங்களில் போட்டி என்றால், பயிற்சி அதற்கு முந்திய மாதங்களில் நடந்திருக்க வேண்டும். ஆனால் திருகோணமலையில் அந்த மாதங்கள் வடகீழ்ப் பருவமழைக்குரியவை. ஒக்டோபர் பிற்பகுதியில் தொடங்கி ஜனவரி வரை மைதானத்தில் தண்ணீர் நிற்கும். நீளம் பாய்தல் குழிக்குள் தவளை கத்தும். மேல் மாகாணத்தில் வரைந்த ஆண்டுத் திட்டத்தைப் பிரதியெடுத்து இங்கே ஒட்டினால், டிசம்பரில் மைதானத்தில் செய்ய வேண்டியவை என்று எழுதியிருப்பதில் ஒன்றுமே நடக்காது.

இங்கே பொருந்தும் ஒழுங்கு வேறு. குண்டு போடுதல், ஈட்டி எறிதல், பரிதிவட்டம் வீசுதல், முப்பாய்ச்சல் ஆகியவற்றின் நுட்பத்தை மே முதல் செப்டெம்பர் வரையுள்ள வறண்ட மாதங்களில் கற்பித்து முடித்துவிட வேண்டும். அக்காலத்தில் கச்சான் காற்று அனலை வாரி வீசும், வெப்பநிலை 35 பாகையைத் தொடும் என்பதால் வேலை காலை ஒன்பது மணிக்கு முன்னும் பின்னேரம் நாலரைக்குப் பின்னும்தான். மழை மாதங்களில் மண்டபத்திலும் நீண்ட நடைபாதையிலும் செய்யக்கூடியவற்றை வைத்துக்கொள்ளுங்கள்: உடல் வலுப் பயிற்சிகள், அஞ்சலோட்டத்தில் கோல் மாற்றும் பழக்கம், விதிமுறைகள், சுகாதாரப் பாட அலகுகள். கோல் மாற்றுவதை நடந்துகொண்டே பழகலாம். மழை நாளில் தரம் 8 பிள்ளைகள் வகுப்பறைக்கு வெளியே வரிசையாக நின்று பழகினால், ஜனவரியில் ஓடுபாதையில் மிஞ்சுவது வேகத்தைக் கூட்டுவது மட்டும்தான்.

இன்னொன்றும் உண்டு. நீங்கள் மூதூரில் இருப்பதால் இது உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் திட்டம் போடும்போது நகரத்தில் இருப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். நோன்பு மாதம் இப்போதைய ஆண்டுகளில் முதலாம் தவணைக்குள்ளேயே வருகிறது. முஸ்லிம் பாடசாலைகளின் விடுமுறை அதற்கேற்ப மாறும். தமிழ்ப் பாடசாலையில் படிக்கும் முஸ்லிம் பிள்ளை நோன்போடு பயிற்சிக்கு வரும். மகா சிவராத்திரியும் அதையடுத்த கோணேசர் நகர்வலமும் பெப்ரவரி, மார்ச்சில் வரும். அந்த நாட்களில் நகரத்துப் பிள்ளைகளைப் பின்னேரப் பயிற்சிக்கு எதிர்பார்க்க வேண்டாம். ஆகவே ஆண்டு தொடங்குவதற்கு முன்பே ஒரு பெரிய காகிதத்தில் பன்னிரண்டு மாதங்களையும் வரைந்து, முதலில் மழை, நோன்பு, திருவிழா, பரீட்சை ஆகிய மாற்ற முடியாதவற்றை நிறமடியுங்கள். வெள்ளையாக மிஞ்சும் இடம்தான் உங்கள் ஆண்டு. முதன்முறை வரைபவருக்கு அது சற்றுத் திகைப்பாகத்தான் இருக்கும்.

அடுத்தது பாடவேளை. உடற்கல்வியில் நேரம் அதிகம் களவு போவது இங்கேதான், அதுவும் எவருக்கும் தெரியாமல். பாடவேளை 40 நிமிடம். மணி அடித்தபின் மேல்மாடி வகுப்பிலிருந்து பிள்ளைகள் இறங்கி வர ஐந்து நிமிடம், சப்பாத்துக் கட்டி நிரையில் நிற்க ஐந்து, பெயர் கூப்பிட ஐந்து, கடைசியில் முகம் கழுவித் தண்ணீர் குடித்து வகுப்புக்குத் திரும்ப ஐந்து. பாதி போய்விட்டது. மீதி 20 நிமிடத்தில் குண்டு போடுதல் என்று வைத்துக்கொள்வோம். வகுப்பில் 40 பிள்ளைகள், ஒரு குண்டு. ஒருவருக்கு அரை நிமிடம் கொடுத்தால் 40 பேருக்கும் 20 நிமிடம். அதாவது பாடம் முழுவதிலும் ஒரு பிள்ளை ஒரே ஒரு தடவை குண்டைத் தொட்டது. மிச்ச நேரமெல்லாம் வெயிலில் நின்றது. உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி 5 முதல் 17 வயது வரையானவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிட நடுத்தர அல்லது தீவிர உடல் இயக்கம் தேவை. நமது பிள்ளையின் அன்றைய கணக்கில் நாம் சேர்த்தது அரை நிமிடம்.

இதைத் திருத்துவதற்குப் பணம் வேண்டியதில்லை, முன்கூட்டிய ஒழுங்கு வேண்டும். பிள்ளைகளைத் தவணையின் முதல் வாரத்திலேயே ஆறு ஆறு பேர் கொண்ட நிலையான குழுக்களாகப் பிரித்துவிடுங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தலைவி, மைதானத்தில் ஒரு நிலையான இடம். மணி அடித்ததும் குழு நேரே தன் இடத்துக்குப் போய் உடலைச் சூடாக்கும் பயிற்சியைத் தொடங்கிவிட வேண்டும். நிரையில் நின்று ஆசிரியரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. தலைவி வராதவரின் பெயரை மட்டும் வந்து சொன்னால் போதும். 40 பெயரையும் கூப்பிட வேண்டியதில்லை. குண்டு ஒன்றே இருந்தால் அது ஒரு குழுவிடம் இருக்கட்டும். மற்றக் குழுக்கள் பழைய வலைப்பந்தை மார்பிலிருந்து தள்ளுதல், குண்டு இல்லாமல் வட்டத்துக்குள் கால் வைக்கும் ஒழுங்கு, தாண்டற் பயிற்சி என்று சுழலட்டும். எறியும் திசை எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதும், விசில் ஊதாமல் எவரும் எறிந்ததை எடுக்கப் போகாமல் இருப்பதும் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாத விதிகள். இந்தப் பழக்கம் வருவதற்கு முதல் இரண்டு மூன்று வாரங்கள் பிடிக்கும், அந்த வாரங்களில் மைதானம் சந்தைபோலத்தான் இருக்கும். வழியால் போகும் அதிபர் முகத்தைச் சுளிக்கவும் கூடும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மைதானத்தை அளந்து கோடு போடுவதும் அப்படியே. விளையாட்டு விழாவுக்கு முந்திய நாள் அளவுநாடாவையும் சுண்ணாம்பு வாளியையும் வைத்துக்கொண்டு நாலு பேர் வாதாடிக்கொண்டிருப்பதை எல்லாப் பாடசாலையிலும் பார்க்கலாம். கணக்கு ஒன்றும் பெரிதல்ல. நீங்கள் வலைப்பந்தாட்டக்காரி, ஆகவே அதையே எடுப்போம். அரங்கின் நீளம் 30.5 மீற்றர், அகலம் 15.25 மீற்றர். மூலைகள் செங்கோணமாக வருவதற்கு மூலைவிட்டம் 34.1 மீற்றராக இருக்க வேண்டும். இந்த மூன்று நீளங்களுக்கும் முடிச்சுப் போட்ட ஒரு நைலோன் கயிற்றை ஒருமுறை செய்து வைத்துவிட்டால், அதன் பிறகு அளவுநாடாவே தேவையில்லை. இரண்டு மாணவிகள் முடிச்சைப் பிடித்து இழுத்தால் நீங்கள் ஆணியை அடித்துக்கொண்டு போகலாம். கரப்பந்தாட்டத்துக்கு 18 மீற்றர், 9 மீற்றர், மூலைவிட்டம் 20.12 மீற்றர், அது இன்னொரு கயிறு.

ஓடுபாதையில் ஒவ்வொரு சுவட்டின், அதாவது ஒருவர் ஓடுவதற்கென்று கோடு போட்டுப் பிரித்த பாதையின், தொடக்கக் கோட்டையும் எவ்வளவு முன்னே தள்ளிப் போடுவது என்ற கேள்விதான் அதிக நேரத்தைத் தின்னும். சுவட்டின் அகலம் 1.22 மீற்றராகவும், உள்விளிம்பு சுண்ணாம்புக் கோடாகவும் இருந்தால், சுவட்டுக்குள்ளேயே ஓடும் ஒரு முழுச் சுற்றுக்கு ஒவ்வொரு சுவடும் தனக்கு உள்ளே இருப்பதைவிட 7.67 மீற்றர் முன்னே தொடங்க வேண்டும். மைதானம் 400 மீற்றரோ 200 மீற்றரோ, வளைவின் ஆரை எவ்வளவோ, அது பொருட்டல்ல. வித்தியாசம் சுவட்டின் அகலத்திலிருந்து மட்டும் வருகிறது: 1.22 ஐ இரண்டால் பெருக்கி, பிறகு π (பை, ஏறத்தாழ 3.1416) ஆல் பெருக்குங்கள். உள்விளிம்பில் உயர்த்திய தடுப்பு உள்ள நியம ஓடுபாதையில் மட்டும் முதற் சுவட்டை அளக்கும் இடம் 10 சென்ரிமீற்றர் மாறுவதால் இரண்டாவது சுவட்டுக்கு 7.04 மீற்றர் வரும். அதற்கடுத்தவை எல்லாம் 7.67 தான். ஏகாம்பரம் மைதானத்திலும் சரி, தோப்பூரில் பனைகளுக்கு இடையே இருக்கும் பாடசாலைத் திடலிலும் சரி, சுண்ணாம்புக் கோட்டுக்கு இந்த ஒரே கயிறு போதும். ஒரு முழுப் பின்னேரத்தை இப்படி மீட்டுவிடலாம்.

கோடுகளைப் பற்றி இவ்வளவு விரிவாக எழுதியது எதற்கென்று யோசிப்பீர்கள். நேரத்தைச் சேமிக்கும் வழி என்று பொதுவாகச் சொல்லப்படுபவை நாட்குறிப்பும் நினைவூட்டும் செயலிகளுமாக இருக்கின்றன. உடற்கல்வியில் நேரத்தை மீட்டுத் தருவது பெரும்பாலும் இப்படியான கயிறு, குழு, இடம் ஆகியவைதான்.

காகித வேலைக்கு வருவோம், சுருக்கமாக. பாடசாலை விளையாட்டுப் போட்டிகள் 12, 14, 16, 18, 20 வயதுக்குட்பட்டோர் என்ற பிரிவுகளில் நடக்கின்றன. வலயப் பணிமனையிலிருந்து இரவு எட்டு மணிக்கு வட்ஸ்அப்பில் செய்தி வரும், பதிவுப் படிவம் நாளைக்கு வேண்டும் என்று. அப்போதுதான் பிறப்புச் சான்றிதழைத் தேடத் தொடங்குபவர் அன்றைக்கு உறங்க மாட்டார். ஆண்டுத் தொடக்கத்தில் ஒரே ஒரு கொப்பியில் விளையாடும் பிள்ளைகளின் பெயர், பிறந்த திகதி, சேர்விலக்கம், பெற்றோரின் தொலைபேசி, நோய் நொடி ஏதும் இருந்தால் அதுவும் என்று எழுதி வைத்தால், படிவம் நிரப்புவது அரை மணி நேர வேலை. பாடக்குறிப்பை எழுதுவதற்கும் காயம், சண்டை போன்ற சம்பவங்களை அதிபருக்குத் தெரிவித்துப் பதிவதற்கும் பாடசாலை நேரத்துக்குள் ஒரு வெற்றுப் பாடவேளையை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். அன்றைக்கே எழுதாத சம்பவம் ஒரு வாரம் கழித்துப் பெற்றோர் கேட்கும்போது வேறு கதையாகிவிடும்.

வெற்றுப் பாடவேளை என்றதும் பதில் கடமை ஞாபகம் வருகிறது. உடற்கல்வி ஆசிரியருக்கு வேலை இல்லை என்ற எண்ணம் நமது பாடசாலைகளில் ஊறிப்போனது. வராத ஆசிரியரின் வகுப்பைப் பார்க்க முதலில் கூப்பிடப்படுபவர் அவர்தான். தரம் 11 இல் பரீட்சை நெருங்கும்போது முதலில் பறிக்கப்படும் பாடவேளையும் அவருடையதுதான். முறைப்பாடு செய்வதால் இது மாறியதை நான் காணவில்லை. எழுத்தில் இருக்கும் திட்டம் ஓரளவு மாற்றுகிறது. தவணைத் திட்டத்தில் எந்த வாரம் எந்த வகுப்புக்கு எந்தத் தேர்ச்சி என்று எழுதி, அதிபரின் ஒப்பத்தைப் பெற்று வைத்திருப்பவரிடம் பாடவேளையைக் கேட்பவர், எந்த நாளில் திருப்பித் தருவேன் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டிவரும். கையில் திட்டம் இல்லாதவரிடம் கேட்பதே இல்லை, எடுத்துக்கொள்கிறார்கள்.

வீட்டாரின் தயக்கத்தை நான் ஒதுக்கித்தள்ளப் போவதில்லை. முன்பு மூதூரிலிருந்து நகரத்துக்கு வர இயந்திரப் படகையோ தெப்பத்தையோ நம்பியிருந்த காலம் ஒன்று இருந்தது. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு நிலைமை எவ்வளவோ மாறிவிட்டது. என்றாலும் போட்டி முடிந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊர் திரும்பும் ஆசிரியைக்கு பஸ் நேரம் இன்னமும் ஒரு கவலைதான். அனுபவமுள்ள ஆசிரியைகள் செய்வதைச் சொல்கிறேன். பயிற்சி முடியும் நேரத்தைத் தொடங்கும் நேரத்தைவிடக் கண்டிப்பாக வைத்திருப்பார்கள். ஐந்தே காலுக்கு முடியும் என்று பெற்றோருக்கு எழுத்தில் அறிவித்துவிட்டால், ஐந்தே காலுக்கு விசில். ஆட்டம் சமநிலையில் இருந்தாலும் அவ்வளவுதான். இதில் ஒரு தடவை நெகிழ்ந்தால் அடுத்த நாள் இரண்டு பிள்ளைகளை வீட்டில் விட மாட்டார்கள், அணியே குலைந்துவிடும். தவிரவும், பெண்பிள்ளைகளைப் பொறுப்பேற்று வெளியூர்ப் போட்டிக்குக் கூட்டிப்போக ஆசிரியை ஒருவர் வேண்டும். அவர் இல்லாத பாடசாலைகளில் திறமையுள்ள பிள்ளைகள் வலய மட்டத்தோடு நின்றுவிடுகிறார்கள். உங்கள் பெற்றோரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். நீங்கள் மாகாணப் போட்டிக்குப் போனபோது உங்களோடு வந்தவர் யார் என்பது அவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

உயர்தரத்தில் சமாளிக்க முடியாமற்போனதை வைத்து உங்களை நீங்களே தகுதியற்றவராக்கிக்கொள்ள வேண்டாம். பாடசாலை ஒன்றரைக்கு முடிகிறது. தனியார் வகுப்பு மூன்று மணிக்கு. வலைப்பந்தாட்டப் பயிற்சியும் மூன்றரைக்கு. ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க எவராலும் முடியாது. அதற்கு ஒழுக்கக் குறைவு என்று பெயர் வைப்பது நியாயமில்லை. மாணவர் பலர் இந்த மோதலை இரவைக் குறைத்துத் தீர்க்கப் பார்க்கிறார்கள். பதின்ம வயதினருக்கு எட்டு முதல் பத்து மணி நேர உறக்கம் தேவை. ஐந்து மணி நேரம் உறங்கி எழுபவருக்கு மைதானத்திலும் கால் ஓடாது, வகுப்பிலும் மனம் நிற்காது. செய்யக்கூடியது ஒன்றுதான் இருந்தது: போட்டிக்கு முந்திய ஆறு வாரம் பயிற்சிக்கு முதலிடம், பரீட்சைக்கு முந்திய நான்கு மாதம் படிப்புக்கு முதலிடம், இடைப்பட்ட காலத்தில் வாரத்துக்கு எத்தனை நாள் எதற்கு என்பதை முன்னதாகவே தீர்மானித்து, பயிற்றுநருக்கும் வகுப்பு ஆசிரியருக்கும் வீட்டுக்கும் சொல்லிவிடுவது. ஒவ்வொரு நாளும் பின்னேரம் மூன்று மணிக்கு நின்று எங்கே போவது என்று யோசிப்பதுதான் ஆளைக் களைக்க வைக்கிறது. நாளைக்கு நீங்கள் ஆசிரியையாகும்போது, உங்கள் அணிப் பிள்ளைகளுக்காக இந்தத் தீர்மானத்தை அவர்களுடைய மற்ற ஆசிரியர்களோடு உட்கார்ந்து பேசி எடுக்க வேண்டியவரும் நீங்கள்தான். அந்த மோதலுக்குள் இருந்து வந்தவர் என்பது அங்கே உதவும்.

பெறுபேறு வந்து, வர்த்தமானி வந்து, நேர்முகப் பரீட்சை வரும்வரை உங்களுக்குச் சில மாதங்கள் இருக்கின்றன. இந்த மாதங்களில் ஒரே ஒரு வாரத்துக்கு மட்டும், உங்கள் நாள் எப்படிப் போகிறது என்பதை அரை மணி நேரத் துண்டுகளாக எழுதிப் பாருங்கள். தொலைபேசி எவ்வளவை விழுங்குகிறது என்பது தெரிந்தபின் வேறு ஆலோசனை தேவைப்படாது. பிறகு, படித்த பாடசாலையின் உடற்கல்வி ஆசிரியரிடம் போய், வாரத்தில் இரண்டு பின்னேரம் 14 வயதுக்குட்பட்ட அணிக்கு உதவுகிறேன் என்று கேளுங்கள். அதிபரின் அனுமதியோடுதான். அங்கே உடல் சூடாக்கும் பகுதியை மட்டும் உங்களிடம் தரச் சொல்லுங்கள்: பத்து நிமிடம், இருபது பிள்ளைகள், எவரும் சும்மா நிற்கக் கூடாது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சரியாகப் பத்து நிமிடத்தில் முடிக்கப் பழகினால், கல்லூரியில் கற்பித்தற் பயிற்சிக்கு அனுப்பும்போது தடுமாற்றம் குறையும்.

கூடவே கரப்பந்தாட்டம், எல்லே (பந்தைத் தடியால் அடித்துவிட்டு ஓடும் ஆட்டம்), மெய்வல்லுநர் விதிகளையும் படித்துக்கொள்ளுங்கள். வலைப்பந்தாட்டம் மட்டும் தெரிந்தவர் நேர்முகப் பரீட்சையில் இரண்டாவது கேள்வியோடு நின்றுவிடுவார். சான்றிதழ்களின் மூலப் பிரதிகளை ஒரு கோப்பில் ஆண்டு வரிசையாக அடுக்கி, வலய, மாகாண மட்டச் சான்றிதழ்களில் போட்டியின் பெயரும் ஆண்டும் நீங்கள் பெற்ற இடமும் தெளிவாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஏதேனும் விடுபட்டிருந்தால் உறுதிப்படுத்தும் கடிதத்தை அதிபரிடம் இப்போதே கேட்டுப் பெறுவது நல்லது. தவணை விடுமுறை தொடங்கிவிட்டால் அந்த ஒரு கையொப்பத்துக்காக மூன்று தடவை நகரத்துக்கும் பாடசாலைக்கும் அலைய வேண்டிவரும்.